இரக்கத்துக்கு ஒரு பை வேண்டாம், ஓர்டருக்கு நூறு பை வேண்டும்

2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து நமது நாட்டில் பொலித்தீன் சொப்பிங் பைகளை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்க முடியாது. பைக்கு விலை உண்டு, அந்த விலை பற்றுச்சீட்டில் தெரிய வேண்டும் என்பது சட்டம். அன்று தொடக்கம் வர்த்தகர்கள் நான்கு பேர் சந்தித்தால் பேச்சு பையைப் பற்றித்தான். வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், கையில் பை கொண்டுவர மறந்து விடுகிறார், ஐந்து பத்து ரூபாவுக்காகக் காசுமேசையில் வாக்குவாதம் என்று பலரும் குறைப்படுகிறார்கள்.

இந்தக் குறைகள் நியாயமானவையே. ஆனால் இதே நேரத்தில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது என்பதை நம்மில் அதிகமானோர் கவனிக்கவில்லை. இத்தனை காலமும் பை என்பது இலவசம், ஆகவே அதற்கு மதிப்பில்லை. இப்பொழுது பைக்கு விலை கொடுப்பதற்கு மக்கள் பழகி வருகிறார்கள். விலை கொடுத்து வாங்கும் பை நல்ல பையாக, வைத்துப் பாவிக்கக்கூடிய பையாக, இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுக்கக்கூடிய பையாக இருந்தால் என்ன?

நான் காகிதாதிகள் வியாபாரத்தில் இருப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்: கையால் செய்த கடதாசிக் கைப்பை. சாமான் கட்டிக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் பையை அல்ல, யாழ்ப்பாணம் வந்து போனதற்கு நினைவாக ஒருவர் அலுமாரியில் வைத்திருக்கக்கூடிய கைப்பையைத்தான் சொல்கிறேன். அதைச் செய்யக்கூடிய கைகள் தூரத்தில் இல்லை. குருநகரில் இருக்கின்றன.

பொதி என்பதும் பொருள்தான்

"பைக்குப் போய் யார் காசு கொடுப்பான்?" என்று கேட்பவர்கள் பனங்கட்டிக் குட்டானை நினைத்துப் பார்க்க வேண்டும். பனையோலையில் இழைத்த சின்னஞ்சிறு பெட்டிக்குள் பனங்கட்டி இருக்கும். உள்ளே உள்ளது பனங்கட்டி என்றாலும் வாங்குபவரின் கண் முதலில் போவது குட்டானில்தான். கனடாவுக்கும் சுவிசுக்கும் போகிற பயணப் பெட்டிகளில் அது இடம்பிடிப்பதற்கு இனிப்பு மட்டும் காரணமல்ல. பொதியே பொருளின் பாதி என்பதை நமது முன்னோர் சந்தைப்படுத்தல் வகுப்புக்குப் போகாமலே அறிந்திருந்தார்கள்.

கடதாசியும் நமக்குப் புதிதல்ல. அந்நாளில் பலசரக்குக் கடைகளில் சீனியும் பருப்பும் சரையில்தான் சுற்றிக் கொடுக்கப்பட்டன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. 2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டினால் கடதாசி இறக்குமதி நெருக்கடிக்குள்ளாகி, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. ஒரு தாளின் அருமை என்னவென்று நமக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நினைவுப் பொருளின் அருமையும் அப்படித்தான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். குருநகர் மக்களோ அதற்கு முன்பே, 1993 நவம்பரில், தங்கள் புனித யாகப்பர் ஆலயம் குண்டு வீச்சுக்கு இலக்கானதைக் கண்டவர்கள். ஊரை விட்டவனுக்கு ஊரின் சின்னப் பொருள்கூடப் பெரிதாகத் தெரியும். புத்தளத்திலும் கொழும்பிலும், லண்டனிலும் டொரன்டோவிலும் வாழ்கின்ற யாழ்ப்பாணத்தவர் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது எதையாவது கொண்டுபோக வேண்டும் என்று தேடுவது இதனால்தான். அவர்களுக்கு நாம் என்ன விற்கிறோம்? பெரும்பாலும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் செய்து, யாழ்ப்பாணம் என்று பெயர் மட்டும் ஒட்டிய பொருட்களை.

ஏன் குருநகர்?

குருநகர் கடலோடு வாழும் ஊர். அங்கே வலைத் தொழிற்சாலையும் உண்டு, வீட்டு முற்றத்தில் வலை பொத்துகின்ற வழக்கமும் உண்டு. ஒரே அளவில் கண்ணி போடுவது, இழுத்தால் அவிழாத முடிச்சுப் போடுவது, மணிக்கணக்காகப் பொறுமையோடு இருந்து வேலை செய்வது ஆகிய மூன்றும் கைப்பணிக்கு அடிப்படையானவை. கடதாசிப் பையில் முதலில் பழுதாவது கைபிடி. அந்தக் கைபிடியை வலை நூலில் முறுக்கி, முடிச்சுப் போட்டுப் பொருத்தத் தெரிந்தவர்களைவிட வேறு யார் இந்த வேலைக்குப் பொருத்தம்?

கடல் தொழிலின் நிலைமையும் வாசகர்கள் அறிந்ததே. இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தினால் தடை செய்யப்பட்டது. ஆயினும் எல்லை தாண்டி வருகின்ற இந்திய இழுவைப் படகுகளின் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. கடலுக்குப் போக முடியாத நாட்களில் வீட்டுக்கு வேறு வருமானம் வேண்டும். இல்லாவிட்டால் வட்டிக்குக் கடன். கிராமம் கிராமமாக வந்த நுண்கடன்கள் வடக்கின் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்பதை 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்ததிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

இதற்கு வழமையான மருந்து பயிற்சி வகுப்பு. யுத்தம் முடிந்த பின்னர் வடக்கில் தையல், பூ செய்தல், பை செய்தல் என்று எத்தனையோ பயிற்சிகள் நடந்தன. சான்றிதழ் கொடுத்துப் படமும் பிடித்தார்கள். பயிற்சி பெற்றவர் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பைகள் செய்து வைத்துக்கொண்டு வாங்க ஆளைத் தேடுவார். கண்காட்சி வந்தால் இரண்டு விற்கும், மிகுதி தூசு பிடிக்கும். குறைபாடு கையில் இல்லை, வாங்குபவர் இல்லாததுதான். வாங்குபவரை உருவாக்க எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் முடியாது. அது வர்த்தகருடைய வேலை.

வெளியூர்க் கதைகள் சொல்வது

ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சங்கானேர் என்று ஓர் ஊர். காக்ஜி எனப்படும் முஸ்லிம் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக அங்கே கையால் கடதாசி செய்து வருகின்றன. அவர்களுடைய பெயரே காகிதத்திலிருந்து வந்ததுதான். இயந்திரக் கடதாசி வந்தபோது அவர்களுடைய தொழில் படுத்துவிட்டது. காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கம் கைகொடுத்தது, பிற்காலத்தில் ஏற்றுமதி ஓர்டர்கள் வந்தன. இன்று அங்கே பருத்தித் துணி வெட்டுக் கழிவிலிருந்து தாள் செய்து, அந்தத் தாளில் பை, பெட்டி, அல்பம் என்று செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். எழுதுவதற்குத் தாள் விற்ற காலத்தில் இயந்திரத்தோடு போட்டியிட்டார்கள், தோற்றார்கள். பரிசுப் பொருள் விற்கத் தொடங்கியதும் இயந்திரம் அவர்களுக்குப் போட்டியாக இல்லாமல் போயிற்று. பாண்டிச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்கடதாசித் தொழிலகமும் 1959இலிருந்து இவ்வழியில் நிலைத்து நிற்கிறது.

நமது நாட்டிலேயே கேகாலைப் பக்கத்தில் யானை எருவிலிருந்து கடதாசி செய்கிற மக்சிமஸ் நிறுவனம் 2006இல் பிபிசி நடத்திய உலகப் போட்டியில் முதலிடம் பெற்றது. எருவில் செய்த தாளை வெளிநாட்டவர் விரும்பி வாங்குகிறார் என்றால், அவர் வாங்குவது தாளோடு சேர்ந்த கதையையும்தான்.

அமெரிக்காவில் வோல்டர் டியூப்னர் என்ற பலசரக்குக் கடைக்காரரின் கதை நம் போன்றவர்களுக்கு இன்னும் பொருத்தமானது. வாடிக்கையாளர்கள் தங்கள் கையில் கொள்ளுமளவுக்கு மட்டுமே சாமான் வாங்குவதை அவர் கவனித்தார். 1912 அளவில் கடதாசிப் பைக்கு நூல் கயிற்றால் வலுவும் கைபிடியும் கொடுத்து, ஒன்று ஐந்து சதத்துக்கு விற்றார். சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. கைபிடியுள்ள கடதாசிப் பையை உலகறியச் செய்தவர் பொறியியலாளர் அல்ல, காசுமேசையில் நின்றுகொண்டு வாடிக்கையாளரின் கையைப் பார்த்த ஒரு கடைக்காரர்.

வாங்குபவர் அறிய வேண்டியது

எந்தப் பொருளையும் ஓர்டர் கொடுப்பவர் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் தரம் பார்த்து வாங்க முடியாது.

கைக்கடதாசி பொதுவாக 22 அங்குலம் அகலம், 30 அங்குலம் நீளமுள்ள தாளாக வரும். பை 7 அங்குல அகலம், 3 அங்குலப் பக்கம், 10 அங்குல உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். சுற்றளவு 20 அங்குலம், ஒட்டுவதற்கு ஒன்று சேர்த்தால் 21. உயரம் 10, வாய் மடிப்புக்கு 1, அடி மடிப்புக்கு 2, ஆகமொத்தம் 13. இந்த அளவில் ஒரு தாளில் இரண்டு பைகள் வெட்டலாம். மிஞ்சுவது 4 அங்குல அகலமான ஒரு பட்டி. அதிலே இரண்டு பைகளுக்கும் அடி மட்டையை மூடும் துண்டுகளும், பெயர்ச்சீட்டுக்கு ஒரு துண்டும் எடுக்கலாம். பையின் அகலத்தை ஓர் அங்குலம் கூட்டினால் சுற்றளவு ஒட்டுவதற்கானதோடு சேர்த்து 23 ஆகிவிடும், பிறகு ஒரு தாளில் ஒரு பைதான். ஓர் அங்குலத்தில் தாள் செலவு இரட்டிப்பாகும். ஆகவே அளவைத் தீர்மானிக்கும்போது செய்பவரோடு இருந்து பேசுங்கள்.

மடிப்பு விழ வேண்டிய இடத்தில் முதலில் மொட்டையான முனையால் அழுத்திக் கோடு போட வேண்டும். கோடு போடாமல் மடித்தால் கனமான தாள் வெடிக்கும். வாய் மடிப்புக்குள்ளே ஒரு மட்டைப் பட்டி வைத்து ஒட்டி, அதற்குப் பிறகே கைபிடிக்குத் துளையிட வேண்டும். அடியிலே தடித்த மட்டை வேண்டும். பழைய பெட்டி மட்டையே போதும், மேலே அதே தாளை ஒட்டினால் அழகாகிவிடும். கைபிடி வலை நூலாகவோ பனை நாராகவோ இருக்கலாம், முடிச்சு உள்ளே இருக்க வேண்டும். மாதிரிப் பைக்குள் இரண்டு கிலோ அரிசியை வைத்து ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். காலையில் துளை இழுபடாமல் இருந்தால் பை தேறியது.

குருநகர் கடலோரம் என்பதால் ஈரக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடதாசி ஈரத்தை உறிஞ்சும், பசை காயத் தாமதமாகும். மாரிக்காலத்தில் ஒட்டு வேலைக்குக் கூடுதல் நாட்கள் கொடுக்க வேண்டும். ஒட்டியதை வெயிலில் போடாமல் நிழலில், மேலே பாரம் வைத்து உலர்த்தினால் தாள் வளையாது. இன்னொன்று: அச்சு மை பட்ட பழைய பத்திரிகைத் தாளைத் தின்பண்டம் வைக்கும் பைக்குப் பாவிக்கக் கூடாது.

கணக்குப் பார்ப்போம்

கீழே உள்ள தொகைகள் சந்தை விலைகள் அல்ல, கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான உதாரணம் மட்டுமே. தாளும் மட்டையும் பசையும் கயிறும் சேர்த்து ஒரு பைக்கு 150 ரூபா என்று வையுங்கள். ஒரு பைக்கு முக்கால் மணித்தியாலம் என்றால் எட்டு மணித்தியாலத்தில் பத்துப் பைகள். நாட்கூலி 2,500 ரூபா என்றால் ஒரு பைக்குக் கூலி 250. இரண்டும் சேர்ந்து 400. பத்துக்கு ஒன்று பழுதாகும் என்று 40 சேர்த்தால் 440. செய்பவருக்கு இலாபமாக 60 கொடுத்தால் 500. கடைக்காரர் தன் பங்கு 150 வைத்தால் வாடிக்கையாளருக்கு 650.

இப்பொழுது நமது வழக்கமான பேரத்தைப் பாருங்கள். "முந்நூறுக்குத் தா, நூறு எடுக்கிறேன்" என்போம். முந்நூறில் சாமான் செலவும் பழுதும் 190 போனால் மிஞ்சுவது 110. நாள் முழுக்க இருந்து பத்துப் பைகள் செய்தாலும் 1,100 ரூபா. முதலாவது ஓர்டரை அவர் செய்து தருவார், பசி அப்படி. இரண்டாவது ஓர்டருக்கு அவர் இருக்க மாட்டார், வேறு வேலைக்குப் போயிருப்பார். நூறு பையில் இருபதாயிரம் ரூபா மிச்சம் பிடித்ததாக நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் நாம் இழந்தது ஒரு வழங்குநரை. தொழிற்சாலையோடு பேரம் பேசுவது வேறு, ஒருவருடைய நாட்கூலியோடு பேரம் பேசுவது வேறு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "பாவம், ஏழைப் பெண்கள்" என்று இரக்கப்பட்டு ஐந்து பைகளை ஆயிரம் ரூபாவுக்கு வாங்கி மூலையில் போடுவதும் உதவியல்ல. அது ஒரு நாளைய தர்மம். தர்மம் செய்ய வேறு வழிகள் தாராளமாக உண்டு. கோணலாக ஒட்டிய பையைத் திருப்பிக் கொடுங்கள், நேராக ஒட்டியதற்கு முழு விலையும் கொடுங்கள். தொழிலாளியை மதிப்பது அதுதான்.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது, மழைக்குத் தாங்காது என்பார்கள். சரிதான், கடதாசி மழைக்கானதல்ல. ஆனால் பரிசுப் பையை யாரும் மீன் சந்தைக்குக் கொண்டு போவதில்லை. நகை, சேலை, அத்தர், வாழ்த்து மடல் வைத்துக் கொடுக்கிற பைக்கு மழையைவிட முக்கியம் தோற்றமும் உறுதியும்.

இரண்டாவது, கடதாசியும் சூழலுக்குக் கெடுதிதானே என்பார்கள். இதிலே உண்மை இருக்கிறது. பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடக் காலநிலைக்குப் பாதிப்புக் குறைய வேண்டுமானால் ஒரு கடதாசிப் பையைக் குறைந்தது மூன்று தடவைகள் பாவிக்க வேண்டும். ஒரு முறை பாவித்து எறியும் கடதாசிப் பையால் பெரிய நன்மை எதுவுமில்லை. வைத்திருந்து பாவிக்கும் பைதான் நன்மை. ஆகவே நினைவுப் பரிசாகச் செய்வதே புத்தியான வழி. விலை கொடுத்து வாங்கிய அழகான பையை யாரும் எறிய மாட்டார்கள்.

மூன்றாவதுதான் நாம் அதிகம் சொல்வது: "அவர்கள் சொன்ன நாளைக்குத் தர மாட்டார்கள்." வாய்ப்பேச்சாக, முற்பணம் இல்லாமல், அளவு எழுதாமல் கொடுத்த ஓர்டர் எப்படி நாளைக்கு வரும்? சாமான் வாங்க அவரிடம் காசு எங்கே? அளவு, தாளின் நிறம், எண்ணிக்கை, விலை, கொடுக்க வேண்டிய நாள் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து பொருளைச் செய்விப்பதற்கு இஸ்லாமிய வணிக முறையில் இஸ்திஸ்னா என்று பெயரே இருக்கிறது. வங்கிகள் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பாவிக்கின்ற அந்த முறையை நூறு பைக்கு நாம் ஏன் பாவிக்கக் கூடாது? ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, மூன்றில் ஒரு பங்கு முற்பணம் கொடுத்து, தேவையான நாளுக்குப் பத்து நாள் முன்னதாகத் தவணை வைத்தால் இந்தப் புகாரில் பெரும்பகுதி இல்லாமல் போய்விடும்.

நாம் செய்யக்கூடியது

வர்த்தகச் சகோதரர்களே, நான் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. நகைக்கடை வைத்திருப்பவர் பெருநாள் விற்பனைக்கு ஐம்பது பைகள், புடைவைக்கடைக்காரர் கலியாணச் சேலைக்கு ஐம்பது பைகள், வீட்டிலே நிக்காஹ் வைத்திருப்பவர் விருந்தினருக்குக் கொடுக்க நூறு பைகள். ஆண்டு முழுவதும் இதற்குக் காலம் இருக்கிறது. யூலை 25 குருநகர் யாகப்பர் திருநாள், அதைத் தொடர்ந்து நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டு விடுமுறைக்காரர்களின் ஓகஸ்ட் மாதம், டிசம்பரில் நத்தார், இடையிலே நமது இரு பெருநாட்கள், கலியாண மாதங்கள். ஒரே பொருளை எல்லாச் சமூகத்தாரும் வாங்கக்கூடிய ஊர் யாழ்ப்பாணம்.

பையின் உட்புறத்தில் சின்னதாக ஒரு முத்திரை குத்துங்கள்: "குருநகர், யாழ்ப்பாணம் – கைவேலை." வெளியே உங்கள் கடைப் பெயர் இருக்கட்டும், தாராளமாக. ஆனால் எங்கே செய்தது என்பதை மறைக்காதீர்கள், அதற்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். நாளைக்கு ஒருவர் கொழும்பில் மலிவாக அச்சடித்து அதே பையைப் போல விற்க வரலாம். அவரால் தோற்றத்தைப் பின்பற்ற முடியும், இந்த முத்திரையை நேர்மையாகக் குத்த முடியாது.

சோனகதெருவுக்கும் குருநகருக்கும் இடையே ஒரு சைக்கிள் ஓட்டத் தூரம்தான். இரண்டு இடத்து மக்களும் இழந்து, பெயர்ந்து, திரும்பி வந்தவர்கள். திரும்பி வந்தவர்களைச் சேர்த்து வைப்பதற்குக் கூட்டங்களும் தீர்மானங்களும் எவ்வளவு உதவியிருக்கின்றன என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் ஓர்டர் கொடுத்து, மற்றவர் சொன்ன நாளைக்குச் செய்து கொடுத்து, கணக்கு அன்றைக்கே தீர்ந்தால் அடுத்த மாதமும் அவர்கள் சந்திப்பார்கள். அந்த இரண்டாவது சந்திப்பு நடக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வருகிற பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாதிரிப் பை ஒன்று செய்யச் சொல்லுங்கள், இரண்டு கிலோ அரிசியை வைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். தேறினால் முற்பணத்தைக் கொடுங்கள்.